உரக்க வாசிக்கவும்

பேருந்துப் பணிமனையின் சம்பளப் பிரிவில் பத்தொன்பது வருடம் குமாஸ்தாவாக இருந்தேன். கவுண்டருக்கு வெளியே போய் நிற்பது எப்படி இருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. போன வாரம் தெரிந்துகொண்டேன்.

ஓவர்டைம் பட்டியலில் ஒரே ஆளின் பெயர் இரண்டு இடத்தில் இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். விசாரணை முடியும்வரை சஸ்பெண்ட். அந்தக் காலத்தில் பாதிச் சம்பளம் உண்டு. பிழைப்பூதியம் என்று பெயர். அது சும்மா வந்துவிடாது. 'இந்த மாதம் நான் வேறு எந்த வேலையும் செய்யவில்லை, வேறு எந்த வருமானமும் பெறவில்லை' என்ற படிவத்தில் மாதாமாதம் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும். விதி அவ்வளவுதான்.

அதற்கு மேல் ஒன்றைச் சேர்த்தவன் நான். 'படிக்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டேன்' என்று சஸ்பெண்டாகியிருந்த ஒரு காவலாளி சண்டைக்கு வந்தான். அன்றிலிருந்து எல்லோரையும் வாசிக்கச் சொன்னேன். பிறகு உரக்க வாசிக்கச் சொன்னேன். பிறகு படிவத்தின் தலையிலேயே 'உரக்க வாசிக்கவும்' என்று டைப் அடித்துவிட்டேன். டைப் அடித்ததை எவன் கேள்வி கேட்பான்? உண்மையைச் சொன்னால் எனக்கு அது பிடித்திருந்தது. வெளியே மீசையை முறுக்குகிற டிரைவர்கள் என் முன்னால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி கைகட்டி நின்றார்கள்.

கிரீஸ் என்று நாங்கள் கூப்பிடும் மெக்கானிக்குக்குத் திக்குவாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் அவனும் சஸ்பெண்டாகி வந்து நின்றான். 'வேறு' என்ற சொல்லிலேயே மாட்டிக்கொண்டான். பின்னால் யாரோ சிரித்தார்கள். "சத்தமா, சத்தமா" என்றேன் நான். முகம் கறுத்து, படிவத்தை வைத்துவிட்டுப் போனவன் அதற்குப் பிறகு வரவே இல்லை. ஐந்து மாதத்துக்கு 'உறுதிமொழி தரவில்லை' என்று கோப்பில் எழுதினேன். அவன் மனைவி வந்து கெஞ்சினாள். "நான் என்னம்மா பண்றது, ரூல் அப்படி" என்று அனுப்பிவிட்டேன். கடைசியில் எச்சரித்து வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஐந்து மாதப் பணம் போனது போனதுதான்.

இப்போது என் முறை. முதல் மாதம் நான் போகவில்லை. இரண்டாம் மாதம் மகளின் பரீட்சைக் கட்டணம் கழுத்தைப் பிடித்தது; வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள்.

"ஊரான் பணமா கேக்கப் போறீங்க?" என்றாள் மனைவி. "வெக்கத்தைப் பார்த்தா வயிறு நிறையுமா? கிளம்புங்க."

கூட்டம் இல்லாத நேரம் பார்த்து, மதியச் சாப்பாட்டு மணி அடித்த பிறகு போனேன். என் நாற்காலியில், நான் வேலை பழக்கிய பெண் இருந்தாள். எள் என்றால் எண்ணெயாக நிற்பவள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"உக்காருங்க சார். கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்ல?" என்று கேட்டவள், படிவத்தின் தலைப்பைப் பார்த்துத் தயங்கினாள். "இல்ல... வாசிக்கணும்னு நீங்கதான் சொல்லிக் கொடுத்தீங்க. அது ரூல்தானே சார்?"

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அந்தச் சமயத்தில்தான் பின்னால் யாரோ நிற்பதை உணர்ந்து திரும்பினேன். லீவு விண்ணப்பத்தோடு கிரீஸ். அவனும் என் பதிலுக்காகத்தான் காத்திருந்தான்.

இல்லை என்றால் நான் தப்பித்தேன். ஆனால் ஐந்து மாதம் எதற்காகப் பட்டினி கிடந்தோம் என்று அவன் கேட்பான்.

"ரூல்தான்மா" என்றேன்.

வாசித்தேன். உரக்க வாசித்தேன். ஒரு இடத்திலும் தடுக்கவில்லை. பக்கத்து மேசை டைப்பிஸ்ட் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். கையெழுத்துப் போட்டேன். பணம் வியாழக்கிழமை வங்கிக்கு வந்துவிடும் என்றாள் அந்தப் பெண்.

வாசலைத் தாண்டியிருப்பேன். கிரீஸ் ஓடி வந்தான்.

"சா... சார், ஒரு நிமிஷம்."

நின்றேன். அடி விழும் என்றுதான் நினைத்தேன். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

"என்னை அவமானப்ப... ப்படுத்தத்தான் அன்னைக்கு வாசிக்கச் சொன்னீங்கன்னு இத்தனை நாளா நினைச்சுட்டிருந்தேன். வீட்டுல உங்களை வாய்க்கு வந்தபடி தி... திட்டியிருக்கேன். உங்க பிள்ளையைக்கூடச் சேர்த்து. இன்னைக்கு நீங்களே நின்னு வாசிச்சதைப் பார்த்தப்புறம்தான்..." மீதிச் சொல் வரவில்லை. கண் கலங்கியிருந்தது. இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டான். "ம... மன்னிச்சிருங்க சார்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். தெருவில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை.

"பரவாயில்லப்பா" என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்தேன். "மனசுல வச்சுக்கல."