டிவியை அணைத்த பிறகு

பாலசுப்ரமணியனை நான் தேடிப் போகவில்லை. தானாகவே கையில் வந்து மாட்டினார்.

2007-ஆம் வருடம் அது. சென்னையில் நான் வேலை பார்த்த கம்பெனி, மீட்டிங் அறைகளின் சுவரில் வீடியோ பெட்டி பொருத்தும் வேலைகளை எடுத்துச் செய்துகொண்டிருந்தது. நெட்வொர்க் லைன் வழியாக இங்கே இருப்பவர் அங்கே இருப்பவரின் முகம் பார்த்துப் பேசலாம். புதிதாக ஒரு வேலை வந்தது. செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் ஐ.டி. ஆபீஸ் ஒன்று. அதே நிறுவனத்துக்குக் கடப்பாக்கம் கடற்கரையில் ஒரு பயிற்சி நிலையம். இரண்டு இடத்திலும் பெட்டி மாட்ட வேண்டும். கடப்பாக்கத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். நிர்வாக மேலாளர் பாலசுப்ரமணியன் என்றார்கள். வேறு யாரும் வாயைத் திறப்பதற்குள் அந்த வேலை எனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு தூரம் போக மற்ற எஞ்சினியர்களுக்கு மனசில்லை, உடனே தலையாட்டினார்கள்.

அந்த மனுஷனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பயிற்சி நிலையம் முன்பு கெஸ்ட் ஹவுஸாக இருந்தது. என் அப்பா தாவீது அங்கே வாட்ச்மேன். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்த வருடம், சித்திரை மாதம், அப்பாவுக்கு நல்ல ஜுரம். லீவு கேட்டால் கிடைக்காது என்று டூட்டிக்குப் போய்விட்டார். மத்தியானம் ஹாலில் யாருமில்லை. தலை சுற்றுகிறதே என்று சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்தவர் அப்படியே கண் அயர்ந்துவிட்டார். அந்த நேரம் பார்த்து பாலசுப்ரமணியன் விருந்தாளிகளோடு உள்ளே வந்தார்.

அவர் அடிக்கவில்லை, கத்தவும் இல்லை. சோபா உறையைக் கழற்றித் தோய்க்கச் சொன்னார். தோய்த்ததைக் கொடியில் போடக்கூடாது, காய்கிற வரைக்கும் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும் என்றார். காலனி ஆள் உட்கார்ந்த இடத்தில் கெஸ்ட் எப்படி உட்காருவார்கள் என்று ரொம்ப நியாயமாகக் கேட்டாராம். மாத்திரை வாங்கிக்கொண்டு போன நான் பார்த்தது, வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்ற அப்பாவைத்தான். விருந்தாளிகள் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தராவது முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். திருப்பவில்லை.

அன்றோடு அந்த வேலை போனது. அதோடு அப்பா உட்காருவதும் போனது. பஸ்ஸில் சீட் காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அச்சரப்பாக்கம் சர்ச்சில் கடைசி பெஞ்சுக்கும் பின்னால் நின்றுதான் ஜெபிப்பார். எனக்கு வேலை கிடைத்ததும் அவருக்கென்று நல்ல பிரம்பு நாற்காலி ஒன்று வாங்கிப் போட்டேன். அதில் இன்றைக்கும் துவைத்த துணியை மடித்து வைக்கிறோம்.

கடப்பாக்கம் போகிறேன் என்றதும் அப்பா பயந்துவிட்டார்.

"அங்க இன்னாத்துக்கும்மா போற? வேற யாரனா அனுப்பச் சொல்லு. அந்தாளு நம்மள மறந்துட்டிருப்பான். நாமளும் வுட்டுடலாம்."

அவன் மறப்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்பா மேலும் கோபம்தான்.

பாலசுப்ரமணியனுக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. ஆள் நன்றாகச் சதை போட்டிருந்தார், தலைக்கு மை அடித்திருந்தார். என் பேர் ஜெசிந்தா என்றதும் எந்த ஊர் என்று கேட்டார். சென்னை என்றேன். சென்னையில் எங்கே என்று அடுத்த கேள்வி வந்தது. எங்கள் ஆட்களுக்கு அந்தக் கேள்வி எதற்கு என்று நன்றாகத் தெரியும். கம்பெனி ஹாஸ்டல் என்று சொல்லி டிரில்லிங் மெஷினை ஆன் பண்ணிவிட்டேன்.

அதே ஹால்தான். சோபா மட்டும் புதிது, முன்னதைவிடப் பெரிது. உப்புக்காற்றில் அந்தச் சுவர் பொடிப்பொடியாக உதிர்ந்தது. காரை நிற்கிற இடமாகத் தட்டிப் பார்த்து, ஆழமாகத் துளை போட்டு, துருப்பிடிக்காத திருகாணியாகப் போட்டு, ரசமட்டம் வைத்து நேர் பார்த்து, சோபாவுக்கு நேர் எதிரே பெட்டியை மாட்டினேன். பழி வாங்க வந்தவள் வேலையில் ஒரு குறை வைக்கக்கூடாது. ஆனால் எப்படி வாங்குவது என்று அதுவரைக்கும் எனக்கே தெரியாது. அவர் டீயில் எச்சில் துப்பலாமா என்கிற அளவில்தான் புத்தி போய்க்கொண்டிருந்தது.

வழியை அவரே காட்டினார்.

வேலை முடிந்ததும் எப்படிப் பயன்படுத்துவது என்று வகுப்பு எடுப்பது எங்கள் வழக்கம். நான் முதலில் சொல்லிக்கொடுப்பது ஒன்றுதான். டிவி வேறு, பெட்டி வேறு. டிவி படம் காட்டுகிறது, அவ்வளவுதான். கேமரா, மைக், ஸ்பீக்கர் எல்லாம் பெட்டியில் இருக்கிறது. பேசி முடித்ததும் பெட்டியின் ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் தொடர்பு அறுபடும். டிவியை அணைத்தால் படம் போகும், பெட்டி விழித்துக்கொண்டேதான் இருக்கும்.

அந்த நிறுவனத்தில் இதைச் சொல்லாமல் விட்டால் வேறு வினையே வேண்டாம். கரண்ட் வீணாகக்கூடாது என்பது அங்கே வேதவாக்கு. அறையை விட்டுக் கிளம்பினால் முதலில் டிவியை அணை என்று பியூனிலிருந்து டைரக்டர் வரைக்கும் எல்லோருக்கும் கை பழகியிருந்தது. அப்படிப் பழக்கிவிட்டவர் பாலசுப்ரமணியன்தான். ஆளில்லாமல் ஓடுகிற டிவியைப் பார்த்தால் ஆள் சாமி வந்த மாதிரி ஆடுவாராம். அவருடைய உதவியாளர் சுப்பிரமணி சொன்னார்.

வகுப்புக்கு வாருங்கள் சார் என்று கூப்பிட்டேன். பாலசுப்ரமணியன் சோபாவில் சாய்ந்தபடி சிரித்தார்.

"எல்லாம் டிவி மாதிரிதானேம்மா? அமுக்கினா வருது, அமுக்கினா போகுது. நீ கிளாஸ் எடுத்து நான் கத்துக்கணுமா?"

சுப்பிரமணியையும் ஏதோ வேலை சொல்லி வெளியே அனுப்பிவிட்டார். நான் இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். சிவப்புப் பொத்தான் என்று இரண்டே வார்த்தை, போகிற போக்கில் சொல்லியிருக்கலாம். சரிங்க சார் என்று சொல்லிவிட்டு ஒயரைச் சுருட்டினேன். பஸ் ஏறுகிற வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

திறப்பு விழா அன்று நான் செங்கல்பட்டு ஆபீசில் இருந்தேன். மீட்டிங் அறையில் டைரக்டர் லக்ஷ்மிநாராயணனும், ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதுமான பிரிவுக்குத் தலைவி அனுவும் உட்கார்ந்திருந்தார்கள். எதிரே பெரிய திரையில் கடப்பாக்கம் ஹால். சோபாவின் நட்டநடுவில் பாலசுப்ரமணியன், ஓரத்தில் சுப்பிரமணி. எல்லாப் பயிற்சி நிலையங்களுக்கும் சேர்த்து பாலசுப்ரமணியனைத் தலைமை மேலாளராகப் போடப்போகிறார்கள் என்று ஆபீஸ் முழுக்கப் பேச்சு. அன்று அவர் நெற்றியிலிருந்த சந்தனம்கூட நன்றாகத் தெரிந்தது. கேமராவை அப்படி வைத்திருந்தேன்.

டைரக்டர் ஒரு புதுத் திட்டம் சொன்னார். பக்கத்துக் காலனிப் பெண்களுக்கு அந்த ஹாலிலேயே கம்ப்யூட்டர் வகுப்பு நடத்த வேண்டும், கம்பெனிக்கு நல்ல பேர் கிடைக்கும் என்றார். பாலசுப்ரமணியன் உருகிவிட்டார். அதெல்லாம் நம்ம வீட்டுப் பிள்ளைகள் சார், நானே பொறுப்பு எடுத்துக்கொள்கிறேன் என்றார். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். வணக்கம் சொன்னார்கள். பாலசுப்ரமணியன் டிவி ரிமோட்டை எடுத்து நீட்டி அமுக்கினார். அந்தப் பக்கம் அவர் டிவி இருண்டிருக்கும். எங்கள் திரையில் அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார்.

எங்கள் குரல் அங்கே கேட்காமல் இருக்க இந்தப் பக்கத்து மைக்கை நான் அடைத்துவிட்டேன். ஏன் இன்னும் தெரிகிறார் என்று டைரக்டர் கேட்டார். அவர்கள்தான் சார் கட் பண்ண வேண்டும், ஒரு நிமிஷம் என்று கூசாமல் பொய் சொன்னேன். எங்கள் ரிமோட் என் கையில்தான் இருந்தது.

பாலசுப்ரமணியன் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார்.

"கேட்டியா சுப்பிரமணி? காலனிப் பொண்ணுங்களுக்கு இந்த ஹால்ல கிளாஸாம். பின்னாடி ஷெட்ல பாய் போட்டு உட்கார வை. போட்டோ எடுக்கிறப்ப மட்டும் உள்ள விட்டா போதும். முன்னாடி இங்க ஒரு வாட்ச்மேன் இருந்தான். சோபால உட்கார்ந்து தூங்கிட்டான். உறையைத் தோய்க்கச் சொல்லி, அது காயற வரைக்கும் வெயில்ல பிடிச்சிட்டு நிக்க வச்சேன். அப்புறம் எவனாவது உட்கார்ந்திருப்பான்ற? அவன் பேரு என்ன... பேருகூட வாயில வரல."

சொல்லிவிட்டு இரண்டு கையையும் விரித்துக் காட்டிச் சிரித்தார். அப்பா நின்ற மாதிரியே காட்டினார்.

நான் திரையைப் பார்க்கவில்லை. இவர்கள் இரண்டு பேரையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அனு குனிந்து தன் வளையலைத் திருகினாள். டைரக்டர் லேசாகச் சிரித்தார். பாலு பழைய காலத்து ஆள், வாய் கொஞ்சம் நீளம் என்று சொல்லிவிட்டு, அதை மூடும்மா என்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

இவர்கள் காதில் விழுந்தால் போதும், மீதியை இவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று முட்டாள் மாதிரி நம்பி வந்திருந்தேன். டீ ஆறிப்போயிருந்தால் இதைவிட அதிகமாகக் கோபப்பட்டிருப்பார்கள். அந்த வராந்தாவில் டீ குடித்த கூட்டம்தான் இங்கேயும் உட்கார்ந்திருக்கிறது. என் வேலை போனால் போகட்டும் என்று மைக்கைத் திறந்தேன்.

"தாவீது. அவரு பேரு தாவீது சார்."

பாலசுப்ரமணியனின் சிரிப்பு அப்படியே நின்றது. எதிரே டிவி இருட்டாக இருக்கிறது, சுவரிலிருந்து குரல் வருகிறது. சுப்பிரமணி எழுந்து கதவு வரைக்கும் போய்விட்டார்.

"யாரு? யாரு பேசறது?"

"தாவீது பொண்ணு. இந்தப் பொட்டிய சுவத்துல மாட்டுனவ. அன்னிலேருந்து எங்கப்பா எங்கயும் உக்காரல. நீங்க இன்னா சொன்னீங்கன்றத டைரக்டர் சாரும் கேட்டுகினுதான் கீறாரு."

அவர் எழுந்து நின்றார். எங்கே பார்த்துப் பேசுவது என்று தெரியாமல், இருட்டு டிவியைப் பார்த்துக் கையைக் கூப்பினார். சார், சும்மா தமாஷுக்குச் சொன்னேன் சார், சுப்பிரமணியைக் கேளுங்கள் சார் என்று என்னென்னவோ உளறினார். சந்தனத்தின் மேல் வியர்வை வழிந்தது. பார்க்க எனக்குத் தித்திப்பாக இருந்தது. பாவம் என்று ஒரு நொடிகூடத் தோன்றவில்லை, தோன்றியதாகச் சொன்னால் அது பொய்.

டைரக்டருக்கு இப்போதுதான் கோபம் வந்தது, என் மேல். வெளியே போ, உன் கம்பெனிக்கு இன்றைக்கே போன் பண்ணுகிறேன் என்றார். ரிமோட்டை மேஜையில் வைத்துவிட்டு என் சாமான் பையை எடுத்துத் தோளில் மாட்டினேன். அவர் அந்த ரிமோட்டைத் தொடவில்லை. பக்கத்திலிருந்த டிவி ரிமோட்டை எடுத்து, பழகிய கையால், ஒரே அமுக்காக அமுக்கினார். திரை இருண்டது. பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் கதவுக்குப் போவதற்குள் அவர் அனுவிடம் ஆரம்பித்துவிட்டார்.

"வெளியாள் முன்னாடி மானத்தை வாங்கிட்டான். நாளைக்குப் பேப்பர்ல வந்தா யாரு பதில் சொல்றது? இத்தனை வருஷம் காலை நக்கிட்டுக் கிடந்தான்னுதான் வச்சிருந்தேன், வேற என்ன தெரியும் அவனுக்கு? பிரமோஷனைக் கிழிச்சுப் போடு. இந்த மாசத்தோட அனுப்பிடு. கேட்ல நிக்க வைக்கக்கூட லாயக்கில்லாத ஜென்மம்."

அனு ஏதோ சொல்ல வந்தாள். அவர் விடவில்லை. பாலசுப்ரமணியன் குடும்பத்தையும் இழுத்து, அவர் மகன் படிப்பைக் கேலி பண்ணி, அவன் அப்பன் காலத்திலிருந்து நம் எச்சில் சோறு தின்கிற கூட்டம் என்றார். நான் கதவைப் பிடித்தபடி நின்றேன். சொல்வதற்கு இரண்டே வார்த்தை. எனக்கு வாய் வரவில்லை, வர விடவும் இல்லை.

அப்போது சுவரிலிருந்து, கம்மிப்போன குரல் வந்தது.

"சார்... நான் இன்னும் இங்கதான் சார் இருக்கேன்."

டைரக்டரின் கை பாதியில் நின்றது. அவர் இருட்டு டிவியைப் பார்த்தார், மேஜையிலிருந்த இரண்டு ரிமோட்டையும் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். எதை அமுக்க வேண்டும் என்று கேட்கப்போகிறார் என்று தெரிந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு வந்துவிட்டேன்.