மூன்றாவது கம்பத்துப் பறவை

முப்பத்தொரு வருடம் பேருந்தில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். "தொலைஞ்சு போச்சு சார்" என்று எத்தனை பேர் கண்ணைக் கசக்கினாலும் அசைந்து கொடுத்ததில்லை. இருக்கிறதா, காட்டு. இல்லையா, இறங்கு. முழங்கால் இரண்டும் கைவிட்டுச் சக்கர நாற்காலிக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போகவில்லை.

ஒன்றுவிட்டு ஒருநாள் காலையில், கை காலுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோ பொண்ணு எங்களை ஏரிக்கரைக்குக் கூட்டிப்போவாள். நடக்க முடியாத கிழடுகள் ஏழெட்டுப் பேர். சிமெண்டுப் பாதையில் நாற்காலிகளை வரிசையாக நிறுத்தி, பிரேக் போட்டு, கைப்பிடியில் பைனாகுலரை மாட்டி இறுக்கிவிடுவாள். கை நடுங்கினாலும் காட்சி நடுங்காது. பறவை பார்ப்பதுதான் வேலை. கிண்டலாகத்தான் போனேன். இரண்டே வாரத்தில், நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைப்பதைப் பார்க்காவிட்டால் சாப்பாடு இறங்காது என்றாகிவிட்டது.

பார்த்ததை எழுத ஒரு நோட்டு உண்டு. அதில் 'கண்டவர்', 'உடன் கண்டவர்' என்று இரண்டு பத்தி போட வைத்தவன் நான்தான். ஒருவர் மட்டும் பார்த்த பறவை செல்லாது. இரண்டாவது பத்தியில் பெரும்பாலும் என் கையெழுத்துதான்.

போன மாதம் எங்கள் வரிசையில் இருந்த ஓய்வுபெற்ற வாத்தியார், தண்ணீருக்குள் நிற்கும் பழைய படகுத்துறைக் கம்பங்களில் மூன்றாவதைக் காட்டினார்.

"வெள்ளையா ஒண்ணு உக்காந்திருக்கு. கம்பத்தோட நிழல் தண்ணியில விழுது, அதோட நிழல் விழல. பாருங்களேன்."

பார்த்தேன். மொட்டைக் கம்பம். "டிக்கெட் இல்லாத பறவை போல வாத்தியாரே" என்று சொல்லிக் கையெழுத்துப் போடாமல் விட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். மூன்றாம் நாள் வாத்தியார் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வயதானவர், போனார் என்றுதான் இருந்தேன். பதினைந்து நாள் கழித்து, பக்கத்து நாற்காலித் தையல்காரர் அதே கம்பத்தைக் காட்டினார். அதே வெள்ளை. நிழல் இல்லை.

"முதுகைக் காட்டிட்டு இருந்தது சார். இப்ப என்னைத் திரும்பிப் பாக்குது."

என் பைனாகுலரில் ஒன்றும் இல்லை. மனிதர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "போட்டுடுங்க சார், என்னவோ தனியா விட்ட மாதிரி இருக்கு" என்று கெஞ்சினார். சட்டம் சட்டம்தான் என்றேன். அவரும் மூன்றாம் நாள் போனார்.

நோட்டில் அந்த இரண்டு பெயருக்கு எதிரே மட்டும் வெற்றிடம். அந்தப் பக்கம் வந்தால் வேகமாகப் புரட்டிவிடுவேன்.

இன்று காலை என் பக்கத்தில் தங்கை இருந்தாள். என்னைவிட ஆறு வயது சின்னவள். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பின் என்னோடுதான் இருக்கிறாள். வீட்டில் சுவரைப் பார்த்தபடி கிடப்பவள், ஏரிக்கு வந்தால் வாய் ஓயமாட்டாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான்.

"அண்ணா, மூணாவது கம்பத்தைப் பாரேன். எவ்வளவு வெள்ளை. ஆனா தண்ணியில அதோட நிழலைக் காணோமே, ஏன்?"

பார்த்தேன். மொட்டைக் கம்பம்.

"எந்தப் பக்கம் பாக்குது?"

"முதுகுதான் தெரியுது. இரு இரு, திரும்புது."

பிசியோ பொண்ணு நோட்டோடு வந்து, "நீங்க பாத்தீங்களா சார்?" என்றாள். இல்லை என்பேன் என்று அவளுக்குத் தெரியும். கேட்கும்போதே பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

தனியாகப் பார்த்தவர்கள்தானே போனார்கள்.

"பாத்தேன். வெள்ளை, மூணாவது கம்பம். நோட்டைக் கொடு."

இல்லாததை இருக்கிறது என்று நான் சொன்னது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. தங்கை பெயருக்கு எதிரே கையெழுத்துப் போட்டேன். பக்கத்தைப் புரட்டி வாத்தியாருக்கும் தையல்காரருக்கும் போட்டேன். பிசியோ பொண்ணு என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"அட, காணோமே" என்றாள் தங்கை. "இப்பத்தானே திரும்புச்சு. உனக்கு இன்னும் தெரியுதா அண்ணா? தெரிஞ்சா சொல்லு, உன் பேருக்கு எதிரே நானும் பாத்தேன்னு போட்டுடறேன்."

கம்பத்தைப் பார்த்தேன். வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. கீழே கம்பத்தின் நிழல் மட்டும் தண்ணீரில் ஆடியது. தலையைச் சாய்த்து என்னையே பார்த்தது.

பயமாக இருந்தது, மறைப்பானேன். பக்கத்தில் தங்கை பிளாஸ்கை மடியில் இடுக்கிக்கொண்டு, நல்ல கையால் திருகித் திறந்து, மூடியில் எனக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"இல்லம்மா. பறந்துடுச்சு" என்றேன்.

"நாளான்னிக்கு வந்தா மறுபடி பாக்கலாம்ல?"

"நாளான்னிக்கு நீ கட்டாயம் வந்துடு" என்று சொல்லி, அவள் கையிலிருந்து டீயை வாங்கிக்கொண்டேன்.