பிரீமியத்துக்காக ஒரு விவாகரத்து

ஒனீட்டாவும் டெல்மரும் விவாகரத்து செய்துகொள்ளட்டும் என்று முதலில் சொன்ன வாய் என்னுடையதுதான். இன்றைக்கு நினைத்தாலும் வாயைக் கொப்பளிக்க வேண்டும்போல் இருக்கிறது.

மேற்கு வர்ஜீனியாவில் மலைகளுக்கு நடுவே எங்கள் ஊர். தபாலாபீசுக்கு எதிரே ஒரு சின்ன அறையில் இருபத்திரண்டு வருடமாக ஊராருக்கு வருமானவரிக் கணக்கு போட்டுக் கொடுக்கிறேன். பேர் வெர்னா. மருத்துவக் காப்பீடு பார்த்துக் கொடுப்பதும் என் வேலைதான். கம்பெனி வேலையில் இருப்பவனுக்குக் காப்பீட்டைக் கம்பெனி கொடுக்கிறது. அறுபத்தைந்து வயதானவனுக்கும் பரம ஏழைக்கும் அரசாங்கம் கொடுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் தொங்குகிறவன் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். அவன் பிரீமியத்தில் ஒரு பங்கை மட்டும் வரிச்சலுகை என்று அரசாங்கம் கட்டிவந்தது. அந்தத் தைரியத்தில்தான் எங்கள் ஊரில் பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலை மிதித்தார்கள்.

டெல்மர் ஹிங்கிள் அப்படி நடுவில் தொங்கினவன். அறுபது வயது வெல்டர். சொந்த வண்டியில் மெஷினை ஏற்றிக்கொண்டு, எரிவாயுக் குழாய் பதிக்கிற இடமெல்லாம் போய் வேலை செய்வான். மனைவி ஒனீட்டா பேக்கரியில், இறைச்சித் துண்டு வைத்துச் சுடுகிற பெப்பரோனி ரோல் செய்கிறவள். ஏழு வருடமாக அவளுக்கு முடக்குவாதம். எட்டு வாரத்துக்கு ஒரு முறை ஐம்பது மைல் போய், மூன்று மணி நேரம் நாற்காலியில் சாய்ந்து மருந்து ஏற்றிக்கொண்டு வருவாள். ஒரு தடவை தவறினாலும் விரல்கள் கோழிக்கால் மாதிரி மடங்கிக்கொள்ளும்.

போன நவம்பரில் இருவரும் வந்து என் முன்னால் உட்கார்ந்தார்கள். இரண்டு பேருக்குமாக மாதம் எழுநூற்று அறுபது டாலர் கட்டிக்கொண்டிருந்தார்கள். ஜனவரியிலிருந்து மூவாயிரத்து நூறு என்று திரையில் வந்தது.

டெல்மர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். "ஒரு சைபர் கூட விழுந்திருக்கும், சரியாப் பாரு வெர்னா."

"விழல."

"வீட்டுக் கடனே இதுல பாதிதானே வருது!"

"சில வருஷமா சலுகையைக் கூடுதலாக் குடுத்தாங்க. இந்த வருஷத்தோட அது முடியுது. வாஷிங்டன்ல நீட்டிக்கல. இனிமே ஒரு கோடு இருக்கு. அதுக்கு மேல ஒரு டாலர் சம்பாதிச்சாலும் சலுகை மொத்தமும் போச்சு. நீ கோட்டைத் தாண்டி எங்கேயோ நிக்கிற."

"அப்ப நான் வேலையக் குறைச்சுக்கறேன்."

"மூணு மாசம் சும்மா உக்காரணும். வண்டித் தவணைய யாரு கட்டுவா?"

ஓய்வுக்கால சேமிப்பில் போட்டு வருமானத்தைக் குறைத்துக் காட்டலாம். ஆனால் போடுவதற்குக் கையில் பணம் வேண்டுமே. அந்தக் கோடையில்தான் கூரை மாற்றியிருந்தார்கள். ஒனீட்டா சுவரில் இருந்த காலண்டரில் அடுத்த மருந்து நாளை எண்ணிக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்கத் தாங்காமல் நான் வேடிக்கையாக ஒன்று சொன்னேன்.

"ஒரே வழிதான். ரெண்டு பேரும் அத்துக்கிட்டுப் போயிருங்க. ஒனீட்டா தனியாளுன்னா அவ சம்பளத்துக்கு மாசம் நூத்திப் பத்துல முடிஞ்சிரும்."

யாரும் சிரிக்கவில்லை. "நிஜமாவா?" என்றான் டெல்மர்.

அப்போதாவது நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். மூடவில்லை. 'தனி நபர்' என்ற கட்டத்தைத் தட்டி, திரையை அவர்கள் பக்கம் திருப்பிவிட்டேன். நூற்றுப் பத்து. முப்பத்துநாலு வருடக் குடித்தனத்துக்கு அரசாங்கம் போட்ட அபராதம், அவள் பங்கில் மீதித் தொகை முழுவதும்.

மறுநாள் எங்கள் தொகுதிப் பிரதிநிதியின் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். தேனில் தோய்த்த குரலில் ஒருவன், "உங்க கவலையப் பதிவு பண்ணிக்கிட்டோம் மேடம்" என்றான். அவனுக்குக் காப்பீடு யார் கட்டுகிறார்கள் என்று கேட்டேன். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

காகிதத்துக்கு மட்டும் பிரிவது என்று இருவரும் முடிவு செய்தார்கள். வக்கீல் டிசம்பரில் மனு போட்டார். ஒரே வீட்டில் இருந்தால் சட்டப்படி தவறில்லை, ஆனால் பின்னால் எவனாவது நோண்டக்கூடும், மனைவிக்கு வேறு முகவரி இருப்பது நல்லது என்றார். பேக்கரிக்கு மேலே சும்மா கிடந்த அறையை முதலாளி குறைந்த வாடகைக்குக் கொடுத்தார். தன் ஒருவனுக்கு மட்டும் எடுத்தாலும் ஆயிரத்தைந்நூறு ஆகும் என்று தெரிந்ததும், டெல்மர் காப்பீடே வேண்டாம் என்று விட்டுவிட்டான். "எனக்கென்ன, இரும்பு மாதிரி இருக்கேன்" என்றான்.

சர்ச்சில் விஷயம் பரவியது. "அரசாங்கத்த ஏமாத்துறாங்க" என்று ஒருத்தி முகத்தைச் சுளித்தாள். அவள் புருஷனுக்குச் சுரங்கக் கம்பெனி சாகும்வரை காப்பீடு கொடுக்கிறது. நான் அவள் பக்கத்தில் உட்கார்வதை அத்தோடு நிறுத்திவிட்டேன்.

ஜனவரி இரண்டாவது வாரம் கோர்ட்டில் விசாரணை. நானும் போனேன். நீதிபதி ஒரு பெண்மணி. காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல் கேட்டார். "உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல சரி செய்ய முடியாத மனவேறுபாடு இருக்கா?"

"இருக்குங்கம்மா" என்றான் டெல்மர். வருகிற வழியெல்லாம் வண்டியில் ஒத்திகை பார்த்திருப்பான் போல.

நீதிபதி தலையைத் தூக்கி ஒனீட்டாவைப் பார்த்தார். "நீங்களும் சொல்லணும்மா."

"இருக்கு. என்னன்னு சொல்லட்டுங்களா?"

"தேவையில்ல. இருக்குன்னா போதும்."

"இல்ல, சொல்லிடறேன்" என்றாள் ஒனீட்டா. "ஆஸ்பத்திரி பில்லு வர்ற அன்னைக்கு இவரு என்னைத் திட்ட மாட்டாரு. ஒரு வார்த்த சொல்ல மாட்டாரு. கவரைப் பிரிச்சுப் படிச்சிட்டு, தலையத் தூக்கி என்னைப் பாப்பாரு. பழைய வண்டியச் செலவு பண்ணி ஓட்டலாமா, தள்ளிவிட்டுரலாமான்னு பாப்பாங்கல்ல, அந்தப் பார்வை. ஏழு வருஷமாப் பாக்குறாரு."

டெல்மரின் காது சிவந்துபோனது. நீதிபதி மறுபடி காகிதத்தில் குனிந்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். எல்லாம் சேர்த்துப் பதினொரு நிமிடம்.

வெளியே வராந்தாவில் டெல்மர் சிரிக்க முயன்றான். "நல்லாத்தான் நடிச்ச, ஒனீட்டா."

"நடிக்கல டெல்மர்" என்று சொல்லிவிட்டு அவள் கோட்டை மாட்டிக்கொண்டாள்.

பேக்கரி மாடி வெறும் முகவரிக்குத்தான் என்று பேச்சு. முதல் வாரம் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்து பீன்ஸ் வேகவைத்து, சோள ரொட்டி சுட்டு வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் இரண்டு நாள். பிப்ரவரியில் புதுக் காப்பீட்டில் மருந்து ஏறியது, விரல்கள் நேராயின. அதற்குப் பிறகு அவள் அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

மார்ச்சில் ஒரு நாள் மாடி ஏறிப் போய்ப் பார்த்தேன். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, ஜன்னலோரம் ஒரு ரேடியோ. ஏழு வருடத்தில் அவள் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.

"திரும்பிப் போகலையா?" என்றேன்.

"பில்லு இப்ப என் பேருக்கு வருது வெர்னா. நானே பிரிக்கிறேன், நானே கட்டுறேன். யாரு மூஞ்சியையும் பாக்க வேண்டியதில்ல."

"டெல்மர் நல்லவன்டி."

"கெட்டவனா இருந்தா அன்னைக்கே விட்டுட்டு வந்திருப்பேனே. நல்லவனாப் போனதாலதான் ஏழு வருஷம் ஓட்டினேன்."

அவளுடைய நிம்மதியைக் கண்டு சந்தோஷப்படவும் முடியவில்லை, துக்கப்படவும் முடியவில்லை. படியிறங்கினேன். எழுநூற்று அறுபதிலேயே விட்டிருந்தால் இந்தப் புண்ணை இரண்டு பேரும் மூடி வைத்துக்கொண்டே காலத்தைக் கழித்திருப்பார்கள். அது மேலா, இது மேலா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அதைக் கிளறிப் பார்க்க வாஷிங்டனில் இருக்கிறவர்கள் யார்?

ஏப்ரலில் வரிக்கணக்கு. விவாகரத்து ஜனவரியில்தானே ஆனது, அதனால் போன வருடக் கணக்கில் அவர்கள் இன்னும் கணவன் மனைவிதான். ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட என் அறைக்கு வந்தார்கள். டெல்மர் இளைத்திருந்தான். இடது கையை ஜாக்கெட் பைக்குள்ளேயே வைத்திருந்தான். அறைக்குள் ஒரு நாற்றம். இறைச்சி கெட்டுப்போன மாதிரி. எலி செத்துவிட்டதோ என்று நான் மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தேன்.

ஒனீட்டாவுக்குப் புரிந்துவிட்டது. "கைய எடு."

"ஒண்ணுமில்ல. வெல்டிங் பொறி பட்டுருச்சு."

"எடுன்னா எடு டெல்மர்."

பழைய துணி சுற்றியிருந்தது. அவள் பிரித்தாள். கடைசிச் சுற்று சதையோடு ஒட்டிக்கொண்டு வந்தது. உள்ளே மஞ்சளும் பச்சையுமாகச் சீழ். மணிக்கட்டுக்கு மேலே சிவப்புக் கோடு ஏறியிருந்தது. நான் வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னலைத் திறந்தேன். அவள் முகத்தைத் திருப்பவில்லை.

"எத்தன நாளாச்சு?"

"ஒம்பது. போனா எவ்வளவு கேப்பாங்களோன்னு…"

"நீயே உன்னைப் பழைய வண்டி மாதிரிப் பாக்க ஆரம்பிச்சிட்டியா?" என்றாள். கோபமில்லை, ஏளனமில்லை. அவன் குனிந்து அழுதான். அவ்வளவு பெரிய உருவம் குலுங்கிக் குலுங்கி அழுவதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவள்தான் வண்டி ஓட்டினாள். நான்கு நாள் ஆஸ்பத்திரியில் போட்டார்கள். கை தப்பியது, சுண்டுவிரலில் பாதி போனது. பில் பதினெட்டாயிரம். அதை மாதாமாதம் கட்டுவதாக டெல்மர் எழுதிக் கொடுத்திருக்கிறான். ஒனீட்டா அவனைப் பார்த்துக்கொண்டாள், சூப் கொண்டுபோனாள், கட்டு மாற்றினாள். தூங்குவதற்கு மட்டும் பேக்கரி மாடிக்கே போனாள். இன்றும் அப்படித்தான். அறுபத்தைந்து ஆனதும் அரசாங்கக் காப்பீடு வந்துவிடும், அப்போது மறுபடி கட்டிக்கொள்ளலாமா என்று அவன் கேட்டானாம். "அதுக்கு இன்னும் அஞ்சு வருஷம் கெடக்கு. அப்ப வந்து கேளு, பதில் சொல்றேன்" என்றாளாம்.

இந்த வாரம் வேறொரு தம்பதி வந்தார்கள். புருஷன் தச்சு வேலை செய்கிறவர். மனைவிக்கு இருதயக் கோளாறு. கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "ஹிங்கிள் வீட்டுல பண்ணின மாதிரி எங்களுக்கும் ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்க" என்றார். அந்த அம்மாள் கைப்பை வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் மாதம் எவ்வளவு வருமானம் என்றுதான் கேட்டேன்.