கடுகு வெடிக்காத எட்டு நாள்

நடுக்கொட்டாய் நடுநிலைப் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்கி உத்தரவு வந்த அன்று ஊரில் பட்டாசு வெடித்தார்கள். மறுநாளே, அதில் யார் பிள்ளை படிக்கக் கூடாது என்று பேசக் கூட்டம் போட்டார்கள்.

காரணம் திருப்பத்தூரிலிருந்து வந்த ஒரு கடிதம். எந்தெந்த ஊர்ப் பிள்ளைகள் இனி நடுக்கொட்டாய்க்கு வருவது, எந்த ஊர் பதினெட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் விடுதிப் பள்ளிக்குப் போவது என்று பெற்றோரே பேசித் தீர்மானம் எழுதி அனுப்ப வேண்டும். கடைசியில் ஒரு வரி: ஒன்பதாம் வகுப்புக்குப் பதினைந்து பேராவது இருந்தால்தான் இந்த வருஷம் அந்த வகுப்பு நடக்கும்.

எனக்கு இதில் என்ன வந்தது என்றால், என் தங்கை சுவேதா. எட்டாவது முடித்திருந்தாள். எங்கள் ஊர் ஓடைக்கொல்லை, மொத்தம் பதினேழு வீடு. ஓடையைத் தாண்டி ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தால் நடுக்கொட்டாய். ஒன்றாவதிலிருந்து அவள் அங்கேதான் படித்தாள். அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள்.

"நடுக்கொட்டாய்ல ஒம்பதாவது வந்தா போவட்டும். விடுதின்னா வேணாம். உன்ன அனுப்பிட்டு நான் பட்டதே போதும். உங்க மாமன் வூட்ல வேற கேட்டுகினு கீறாங்க."

மாமன் வீட்டில் கேட்டது சுவேதாவை. அவளுக்குப் பதினாலு வயது. மாப்பிள்ளைக்கு இருபத்தாறு. நல்ல பையன் என்று எல்லோரும் சொன்னார்கள். இருபத்தாறு வயதில் பதினாலைக் கேட்கிறவன் எந்த வகையில் நல்ல பையன் என்று நான் கேட்டதற்கு, காலேஜ் போனதும் வாய் நீண்டுவிட்டது என்றார்கள்.

அந்த நீண்ட வாய் கூட்டத்துக்குத் தேவைப்படவில்லை. கைதான் தேவைப்பட்டது. நடுக்கொட்டாய், மேல்கொல்லை, ஓடைக்கொல்லை மூன்று ஊருக்கும் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான்; அதனால் தீர்மான நோட்டை என்னிடம் கொடுத்து, "பேசறதக் கேட்டு நீட்டா எழுதும்மா" என்று பள்ளி வராந்தாவின் ஓரத்தில் உட்கார வைத்தார்கள்.

நாற்காலியில் நடுக்கொட்டாய்த் தலைவர், ஊர்க்கவுண்டர் சேட்டு. பக்கத்து நாற்காலியில் மேல்கொல்லையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் பைக்கில் வந்த கோபால்சாமி. மூன்றாவதில் தலைமை ஆசிரியை ரேணுகாதேவி. அவர் திருப்பத்தூரிலிருந்து பத்தரை மணி பஸ்ஸில் வந்து மூன்று மணி பஸ்ஸில் போகிறவர். பேச்சு நடக்கும்போதெல்லாம் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாக்கள் பாயில். அம்மாக்கள் வேப்பமரத்தடியில், கூப்பிடு தூரத்தில். யாரும் கூப்பிடவில்லை.

"மேல்கொல்லையும் நடுக்கொட்டாயும் ஒண்ணு. ஒரே சாமி, ஒரே காப்பு," என்று சேட்டு ஆரம்பித்தார். "ஓடக்கொல்ல வேற சாமி. அவங்க ஒம்பதாவதுக்கு மின்ன மாதிரி விடுதி ஸ்கூலுக்கே போவட்டும்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடியில் நடுக்கொட்டாய் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாள் ஊரில் எந்த அடுப்பிலும் தாளிக்கக் கூடாது. எண்ணெயில் கடுகு வெடிக்கும் சத்தம் கேட்டால் அம்மன் எழுந்து போய்விடுமாம். தாளித்ததைத் தின்றவர்கள் ஊருக்குள் காலும் வைக்கக் கூடாது. எங்களுக்குக் காப்பு பங்குனியில், வேறு அம்மன். அதனால் ஒவ்வொரு ஆடியிலும் எட்டு நாள் எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு வராதே என்று நிறுத்திவிடுவார்கள். அந்த எட்டு நாள் பாடத்தை நான் வெண்ணிலாவின் நோட்டைப் பார்த்து சுவேதாவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். வெண்ணிலா, பள்ளியில் சத்துணவு சமைக்கும் ஈஸ்வரி அக்காவின் மகள்.

"மின்ன மாதிரி எட்டு நாள் நிறுத்திக்கலாமே கவுண்டரே," என்றார் எங்கள் ஊர்க்காரர் ஒருவர், மெதுவாக.

"அதெல்லாம் எட்டாவது வரைக்கும்தாங்க," என்றார் ரேணுகாதேவி. "ஒன்பது, பத்துக்கு வருகைப் பதிவு ஆன்லைன்ல போகுது. மொத்தமா எட்டு நாள் ஒரு ஊரே வரலன்னா என்னைத்தான் கேப்பாங்க."

"பாத்தியா," என்றார் சேட்டு. "கவர்மெண்டே ஒத்துக்கலயே. நான் இன்னா பண்றது."

கோபால்சாமிக்கு அதில் ஒரு வருத்தம் இருந்தது. "எங்க புள்ளைங்க அஞ்சு கிலோமீட்டர் நடக்கணும். மழன்னா வழுக்கும்."

"சாமிக்காக நடக்கறது. அதுல இன்னாபா வழுக்கறது," என்றார் சேட்டு.

நான் நோட்டின் பின்பக்கத்தில் எண்ணிப் பார்த்தேன். நடுக்கொட்டாயில் எட்டாவது முடித்தவர்கள் ஏழு பேர். மேல்கொல்லையில் நாலு. ஓடைக்கொல்லையில் ஆறு.

"பெரீப்பா," என்றேன் சேட்டைப் பார்த்து. "எங்க ஆறு பேர எடுத்துட்டா பதினொண்ணுதான் வருது. பதினஞ்சு இல்லன்னா ஒம்பதாவதே கெடையாதுன்னு கடுதாசில கீது. உங்க ஊரு புள்ளைங்களும் விடுதிக்குத்தான் போவணும்."

"கணக்கு டீச்சர் கேட்டுக்குவாங்க. நீ எழுது."

டீச்சர் கடிகாரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். மணி இரண்டே கால்.

அதற்குப் பிறகு அரை மணி நேரம் அவர்கள் பேசியது பெஞ்சைப் பற்றியோ, பெண் பிள்ளைகளின் கழிப்பறைக்குத் தண்ணீர் வராததைப் பற்றியோ, கணக்குக்கு வாத்தியார் இல்லாததைப் பற்றியோ இல்லை. காலையில் வீட்டில் தாளித்த சட்னி தின்ற பிள்ளை வாய் கொப்பளித்துவிட்டு வந்தால் ஆகுமா என்பதைப் பற்றி. ஓடையில் குளித்துவிட்டு வந்தால்? முந்தின ராத்திரி தின்றிருந்தால்? வயிற்றில் இருக்கும் கடுகு கணக்கில் வருமா? காப்பு நாளில் ஒடுகத்தூருக்கு மலையிறங்கிப் போய்ப் பரோட்டாவும் குவாட்டருமாகத் திரும்பி வரும் ஆம்பிளைகளின் வயிறு யார் கணக்கிலும் வரவில்லை.

அப்போதுதான் சமையல்கட்டிலிருந்து ஈஸ்வரி அக்கா கரண்டியோடு வெளியே வந்தாள். நடுக்கொட்டாய்க்காரி. வெண்ணிலா அந்த ஏழு பேரில் ஒருத்தி.

"மாமா, ஒண்ணு சொல்றேன், கோச்சிக்காதீங்க. ஆறு வருசமா காப்பு நாள்ல நான் இங்க தாளிச்சிகினுதான் கீறேன்."

பாயில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"இன்னாது?"

"தாளிக்காம சாம்பார் ஊத்தினா புள்ளைங்க கீழ கொட்டுதுங்க. காக்காதான் தின்னுது. அதான் கதவ சாத்திகினு ரெண்டு கடுகு போட்டுடுவேன். அம்மனும் போவல, மழயும் நிக்கல."

"நம்ம ஊருக்குள்ளயா?" என்றார் சேட்டு.

"ஸ்கூலு இன்னா ஊருக்கு வெளியவா கீது? ஏன், போன ஆடி காப்புல, சொதந்தர தினத்துக்குக் கொடியேத்திட்டு நீங்களும் உக்காந்து தின்னீங்களே. ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கினீங்க. எலுமிச்ச சோறு. கடுகு கண்ணுல படலயா?"

சேட்டு நாற்காலியில் நிமிர்ந்தார். "மொளகுன்னு நெனச்சேன்."

வேப்பமரத்தடியில் ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள்.

இத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். ஆறு வருஷம் அம்மன் சும்மா இருந்ததைக் கண்ணால் பார்த்தபின், பிள்ளைகளைச் சேர்த்துவிடுவார்கள் என்று. பட்டம் வாங்கியும் எனக்கு இவ்வளவுதான் அறிவு. பாயிலிருந்த அத்தனை பேரும் பள்ளிக்கூடத்தை மறந்தார்கள். ஆறு வருஷக் குற்றத்துக்கு ஈஸ்வரி அக்கா என்ன கொடுப்பது என்று ஆரம்பித்தார்கள். ஆடா, கோழியா? கெடா என்றால் கருப்பா, வெள்ளையா? தலை யாருக்கு?

அக்கா கரண்டியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் என்னைப் பார்த்தாள். நான் நோட்டைப் பார்த்தேன். ஊர்ப் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. எழுதினேன்: நடுக்கொட்டாய், மேல்கொல்லை, ஓடைக்கொல்லை ஆகிய மூன்று ஊர்ப் பிள்ளைகளும் இப்பள்ளியிலேயே சேர்க்கப்பட வேண்டும் என ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

மலை வளைவில் பஸ் ஹாரன் கேட்டது. ரேணுகாதேவி எழுந்து பையை மாட்டினார்.

"கையெழுத்து போட்டுடுங்க, பஸ் வந்துடுச்சி."

"படிச்சிக் காட்டட்டா?" என்று கேட்டேன். இதை நான் கேட்டேன் என்பதை யாரும் பின்னால் மறுக்க முடியாது.

"நாங்க பேசனதுதானே, அத இன்னா படிக்கறது," என்றார் கோபால்சாமி. கையெழுத்துப் போட்டுக்கொண்டே, "கருப்புக் கெடாதான் வழக்கம்," என்று சேட்டிடம் சொன்னார். நோட்டு பாயைச் சுற்றி வந்தது. யாரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை. தலைமை ஆசிரியை மட்டும் படித்தார். என்னை ஒரு தடவை பார்த்தார். முத்திரையைக் குத்தி நோட்டைப் பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினார்.

பத்து நாள் கழித்து சேட்டு எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தார்.

"ஓடக்கொல்லயும் சேந்துதுன்னு ஆர்டர் வந்துகீது. யாரு எழுதனது?"

"நீங்க கையெழுத்துப் போட்டதுதான் பெரீப்பா."

"மாத்தி எழுதிக் குடு."

"குடுக்கறேன். பதினொரு பேரு ஆயிடும். உங்க பேத்தி பேரும் அதுல கீது. விடுதிக்குப் பொட்டி வாங்கிடுங்க."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "காப்பு எட்டு நாளும் உங்க ஊர்லயும் தாளிக்கக் கூடாது. அதுக்கு ஒத்துக்கினா பாக்கலாம்," என்றார். அம்மா நான் வாயைத் திறப்பதற்குள், "சரிங்க கவுண்டரே," என்று சொல்லிவிட்டாள். எங்கள் சாமியே கேட்காததை அவர் சாமிக்காக நாங்கள் செய்ய வேண்டும். எனக்கு வந்த கோபத்தை அம்மா கண்ணாலேயே அடக்கினாள்.

ஒன்பதாம் வகுப்பு தொடங்கிய அன்று சேட்டுக்குச் சால்வை போட்டார்கள். மூன்று ஊரையும் ஒன்றாகச் சேர்க்கத் தான் பட்ட பாட்டைப் பற்றி அவர் இருபது நிமிஷம் மைக்கில் பேசினார். ஈஸ்வரி அக்கா, கெடா வெட்டும்வரை அடுப்பைத் தொடக் கூடாது என்று, பின்பக்கம் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுவேதாவைப் பள்ளியில் விட்டுவிட்டு நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"உன்னாலதான் அக்கா. ஆனா நீ கெடா குடுக்கணும், அவருக்கு சால்வ."

"வெண்ணிலாவ விடுதியில வுட்டுட்டு ராத்திரி தூங்குவனா? கெடாதானே, போவுது. கத்திய எடுத்துகினு நீயும் நறுக்கு, சும்மா பேசிகினு கீறே."

நறுக்கிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் மாமன் வீட்டாரின் பைக் நின்றது. தட்டில் பழம், பூ. அத்தை சுற்றுமுற்றும் பார்த்து, "பொண்ண எங்க காணோம்?" என்று கேட்டாள்.

"ஒம்பதாவது போயிருக்கா," என்றாள் அம்மா, காப்பியை நீட்டிக்கொண்டே. "சாயங்காலம்தான் வருவா. அதுவரைக்கும் நீங்க காத்துகினு இருக்க வேணாம்."