இரண்டாவது பிரேக்

ஓட்டுநர் பயிற்சி வண்டிக்கு இரண்டு பிரேக்குகள் உண்டு. ஒன்று ஓட்டுகிறவரின் காலடியில். மற்றொன்று பக்கத்தில் அமர்ந்து சொல்லித் தருகிறவரின் காலடியில். இரண்டையும் ஒரு கம்பி இணைக்கிறது. சொல்லித் தருகிறவர் தம் பிரேக்கை அழுத்தினால், ஓட்டுகிறவரின் பிரேக்கும் தானே கீழே இறங்கும். நம் பிசியோதெரபிஸ்டுக்கு இது முதலிலேயே தெரிந்திருந்தால் அவள் தேர்வில் தோற்றிருக்க மாட்டாள்.

பள்ளி முடித்த கையோடு பெருநகரம் சென்றவள், முப்பத்தைந்தைத் தாண்டிய பிறகு அம்மாவிடம் திரும்பியிருந்தாள். அம்மாவுக்கு மூட்டு வலி. மாடிப்படி ஏறி முடிப்பதற்குள் தெரிந்த கடவுள் பெயர்கள் அத்தனையும் தீர்ந்துவிடும். மகளுக்கு ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. நடக்க இயலாதவர்களின் வீடுகளுக்கே சென்று பயிற்சி தரும் வேலை. மருத்துவமனை வண்டி தரும், ஓட்டுநர் தராது. மாத முடிவுக்குள் உரிமம் பெறாவிட்டால் அந்த வேலை வேறொருவருக்குப் போய்விடும். அவளுக்கு மறுபடியும் பெருநகரத்தின் ஒற்றை அறைதான்.

ஊரில் இருந்த ஒரே ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியை நடத்தியவன் அவளுடைய வகுப்புத் தோழன். விடை தெரிந்தாலும் மணி அடித்த பிறகே கை தூக்குவான் என்பதால் வகுப்பு அவனுக்கு வைத்த பெயர் நிதானம். கடைசி நாளன்று சைக்கிள் நிறுத்துமிடத்தில் அவள் அவனிடம், "எனக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்று நேராகச் சொன்னாள். அவன் சைக்கிள் மணியைத் துடைத்துக்கொண்டே, "நீ படிக்கப் போறவ. போய்ப் படி" என்றான். அவள் போனாள், படித்தாள்.

"அவன்கிட்டயே கத்துக்கோ," என்றாள் அம்மா. "நல்ல பையன். இன்னும் கல்யாணம் ஆகல. நிதானமா யோசிச்சுக்கிட்டிருக்கான் போல."

"நான் கார் கத்துக்கத்தான் போறேன்மா."

"நான் மட்டும் என்ன கப்பல்னா சொன்னேன்?"

முதல் நாள் இருவரும் முன்பின் அறியாதவர்களைப் போலப் பேசிக்கொண்டார்கள்.

"கண்ணாடியைச் சரி பண்ணிக்கோங்க."

"பண்ணிட்டேங்க."

"கிளட்சை மெதுவா விடுங்க. சோப்புக் குமிழி மேல கால் வெச்ச மாதிரி."

வண்டி துள்ளியது, அணைந்தது. அவன் அலுத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு நாள் அவள் தேறினாள். சந்தைக்குப் பின்னால் இருந்த சரிவுப் பாதையில்கூட வண்டி பஞ்சின் மீது வைத்தாற்போல் நின்றது. "எனக்குக் கை வந்துடுச்சு" என்று அம்மாவிடம் பெருமையடித்தாள். கை வந்திருந்தது உண்மை. கால்தான் வரவில்லை.

தேர்வு நாளில் அவன் தேர்வுத் திடலின் வேலிக்கு வெளியே நின்றான். அவனுடைய இருக்கையில் தேர்வாளர் அமர்ந்து, கால்களைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நிற்க வேண்டிய வெள்ளைக் கோடு வந்தது. அவள் வழக்கம்போல் பிரேக்கை மெல்லத் தொட்டாள். வண்டியோ சாவகாசமாகக் கோட்டைத் தாண்டி, அதற்கப்பால் நிறுத்தியிருந்த பிளாஸ்டிக் கூம்பை நெற்றியால் முட்டித் தள்ளிவிட்டு நின்றது.

"யாரும்மா உங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?" என்றார் தேர்வாளர். "கோட்டுக்கு வணக்கம் சொல்லிட்டுப் போறீங்க!"

ஓர் ஆட்டுக்குட்டியை யானையொன்று தினமும் முதுகில் ஏற்றி ஆற்றைக் கடத்திவிட்டதாம். அசைவே தெரியாத பயணம் என்பதால், தனக்கு நீந்தத் தெரியும் என்றே குட்டி நம்பியிருந்தது. யானை வராத நாளில் தண்ணீரில் குதித்தது. மூக்கு முட்டத் தண்ணீர் குடித்துக் கரையேறியது. யானையின் மீது குற்றம் சொல்ல யாருக்கும் மனம் வராது. அந்தக் குட்டிக்கு மட்டும் வந்திருக்கும்.

நம் கதையிலும் வந்தது. தேர்வாளரின் காலடியில் இன்னொரு பிரேக் இருப்பதைக் கண்டவள், காரைவிட்டு இறங்கி நேரே வேலிக்கு நடந்தாள்.

"இத்தனை நாளும் நீங்கதானே பிரேக் போட்டீங்க?"

அவன் தலை குனிந்தான். "லேசாத்தான். நீங்க பயந்துடக் கூடாதேன்னு..."

"பயந்தா எனக்குத் தெரியாதா? என் நோயாளியைக் கடைசி வரைக்கும் நானே தாங்கிப் பிடிச்சா அவர் என்னைக்கு நடப்பாரு?" குரல் உயர்ந்தது, மரியாதை இறங்கியது. "அன்னைக்கும் இதேதான் பண்ணின. எனக்கு எது நல்லதுன்னு நீயே முடிவு பண்ணி அனுப்பி வெச்ச. யார் கேட்டா உன்னை?"

அவனுக்கு விடை தெரிந்திருக்கலாம். மணி இன்னும் அடிக்கவில்லை.

"ஸ்பேனர் இருக்கா?"

"எதுக்கு?"

"அந்தப் பக்கத்துப் பிரேக்கைக் கழட்டு."

"அது இல்லாம கத்துக் குடுக்கவே கூடாது."

"ரோட்டுக்கு வேண்டாம். சந்தை மூடுற நாள்ல, பின்னாடி பாதையில. குறுக்க ஒரு பூனைகூட வராது. மறுதேர்வுல தோத்தா நான் இந்த ஊர்லயே இருக்க முடியாது. உன் பயத்துக்காக நான் ஊரை விட்டுப் போக மாட்டேன்."

அவன் ஸ்பேனரை எடுத்து வந்தான். பிறகு மண்டியிட்டு, கம்பியைக் கழற்றி, பெடலை அவளிடம் கொடுத்தான். அவள் அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். வீட்டில் பையைத் தூக்கிப் பார்த்த அம்மா, "என்னடி இது, இரும்புக் கடை வெச்சிருக்க?" என்றாள்.

"நிதானத்தோட பிரேக்மா."

"அதைப் புடுங்கிட்டியா? நல்ல காரியம்."

சந்தை மூடியிருந்த நாளில் பாதையின் இரு முனைகளிலும் காலிப் பெட்டிகளை அடுக்கி, சரிவின் அடியில் சுண்ணாம்பால் ஒரு கோடும் போட்டுவிட்டு அவர்கள் தொடங்கினார்கள். முதல் முறை வண்டி கோட்டைத் தாண்டி ஓடியது. இரண்டாம் முறை வெடுக்கென்று நின்றதில் அவனுடைய மூக்குக் கண்ணாடி கழன்று மடியில் விழுந்தது. சரிவில் இறங்கும்போதெல்லாம் அவனுடைய வலது கால் வெறுந்தரையை அழுத்தியது.

"தரை ஓட்டையாயிடப் போகுது."

"அது பழக்கம்."

"விட்டுடு."

அவள் மறுபடி மேலேறினாள், மறுபடி இறங்கினாள். எவ்வளவு அழுத்தினால் எங்கே நிற்கும் என்பதை இப்போது தன் பாதத்திலிருந்தே கற்றுக்கொண்டாள். வெயில் தாழ்ந்தபோது வண்டி கோட்டுக்குச் சற்று முன்பே அலுங்காமல் நின்றது. அவள் பக்கத்தில் பார்த்தாள். அவன் இரு கால்களையும் இருக்கைக்கு அடியில் பின்னிக்கொண்டு, கண்ணை இறுக மூடியிருந்தான்.

"நின்னுடுச்சு. கண்ணைத் திற."

மறுதேர்வில் அதே தேர்வாளர். வெள்ளைக் கோடு வந்தது, வண்டி நின்றது. அவர் எட்டிக் கோட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "இந்தத் தடவை வணக்கம் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டுத் தேர்ச்சி என்றார்.

வேலிக்கு வெளியே நின்றவனை அவள் ஏற்றிக்கொண்டாள். முதல் திருப்பம் தாண்டி, மர நிழலில் வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்தாள். கைப்பையிலிருந்து பெடலை எடுத்து அவன் மடியில் வைத்தாள்.

"அடுத்து வர்றவங்களுக்கு மாட்டிடு. ஆனா எப்பப் போடறன்னு அவங்ககிட்டச் சொல்லிட்டுப் போடு."

"சரி."

"இன்னொண்ணு. அன்னைக்குச் சொன்னதையே இப்பவும் சொல்றேன். எனக்கு எது நல்லதுன்னு நான் பாத்துக்கறேன். உனக்கு என்ன வேணும்? அதை மட்டும் சொல்லு."

அவன் பெடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவள் காத்திருந்தாள், அவனுக்குப் பதிலாக எதையும் சொல்லிவிடாமல் காத்திருந்தாள்.

"நீ இங்கயே இருக்கணும். என்கூட," என்றான் கடைசியில். "அன்னைக்கும் இதைத்தான் சொல்ல நினைச்சேன். சொன்னா நீ படிக்கப் போக மாட்டியோன்னு..."

"சொல்லியிருந்தாலும் போயிருப்பேன்டா, மக்கு. சீக்கிரம் திரும்பி வந்திருப்பேன்."

அவன் சிரித்தான். அவள் சாவியைத் திருப்பினாள்.

"எங்க போறோம்?"

"வீட்டுக்கு. முதல்ல எங்க அம்மாவைக் கடைக்குக் கூட்டிட்டுப் போகணும். நீ பின்னாடி உக்காரு, முன் சீட்டு அவங்களுக்கு."

அவன் மறுபேச்சில்லாமல் இறங்கிப் பின்னிருக்கைக்கு மாறினான். அவள் கண்ணாடியில் ஒருமுறை அவனைப் பார்த்துவிட்டு வண்டியைச் சாலைக்கு ஏற்றினாள்.