எஃகு சிலிண்டரில் இருந்த உடெக்

ரெய்ன்ஹோல்ட் உடெக் இறந்து, லூத்தரன் தேவாலயக் கல்லறையில் முறைப்படி புதைக்கப்பட்ட பிறகும், அவருடைய கடைசி மூச்சு அவர் வீட்டு நிலவறையில் ஐந்து பவுண்டு எஃகு சிலிண்டர் ஒன்றில் இருந்தது. அந்த மூச்சின் அழுத்தத்தில்தான் உடெக் குடும்பத்தார் ஒன்பது ஆண்டுகள் குழாயில் பீர் பிடித்தார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து ஷெபாய்கன் நகரத்தில் இதைப் பற்றிப் பலர் பலவிதமாகப் பேசியிருக்கிறார்கள். குடும்பத்துக்கு நெருங்கியவர்கள் அறிந்தது மட்டும் இங்கே சொல்லப்படுகிறது.

தன் நிலவறையில் பீப்பாயும் குழாயும் வைப்பதென்று ரெய்ன்ஹோல்ட் தீர்மானித்தபோது, பீரைப் பீப்பாயிலிருந்து குழாய்க்குத் தள்ளும் வாயுவுக்கு எந்த சிலிண்டர், அதன் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த எந்த ரெகுலேட்டர் என்று ஒரு குளிர்காலம் முழுக்க யோசித்தார். வெர்னாவை மணப்பதென்று முடிவெடுக்க அவருக்கு ஒரே ஒரு மாலைநேர நடனம் போதுமாக இருந்தது. ஆனால் மனைவியை யாரும் சங்கிலி போட்டுச் சுவரோடு நிறுத்தி வைப்பதில்லை. சிலிண்டரை அப்படித்தான் வைக்க வேண்டும், அது வீட்டில் பல ஆண்டுகள் நிற்கும், வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். அவருடைய பள்ளித் தோழர் கோர்டி புரோக்நாவ் அலுமினியம்தான் சரி என்றார். எடை குறைவு, ஈரமான நிலவறையில் துருப்பிடிக்காது. ரெய்ன்ஹோல்ட் எஃகு என்றார். உறைந்த ஏரியின் மேல் இருவருக்கும் பொதுவான மீன்பிடிக் குடிசையில், பனியில் வெட்டிய துளைக்குள் தூண்டிலை விட்டபடி வாரக்கணக்கில் இதை வாதிட்டார்கள்.

"எஃகு வேணுமாம், எஃகு. தூக்குறப்ப இடுப்பு ஒடிஞ்சா அந்த எஃகு வந்து தாங்குமாடா?" என்றார் கோர்டி.

"அலுமினியத்துல சட்டி பண்ணுவாங்க. ஒரு குடும்பம் நம்பி வைக்கிற பொருளை அதுல பண்ண மாட்டாங்க," என்றார் ரெய்ன்ஹோல்ட்.

அதற்குக் கோர்டி சிரித்தார். குடும்பம் என்ற சொல்லுக்குப் பின்னால் சிரித்ததைத்தான் ரெய்ன்ஹோல்டால் பொறுக்க முடியவில்லை. தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு பனியின் மேல் நடந்தே கரை சேர்ந்தார். அதன்பின் உடெக் வீட்டார் யாரும் புரோக்நாவ் வீட்டு வாசலை மிதிக்கவில்லை.

ஏப்ரல் மாதம் எஃகு சிலிண்டர் வந்தது. புது சிலிண்டர்கள் காலியாகத்தான் வரும்; வாயுவைப் பிறகு கடையில் நிரப்பிக்கொள்ள வேண்டும். அளவு சரியாக இருக்கிறதா என்று ரெகுலேட்டரைப் பொருத்திப் பார்க்க ரெய்ன்ஹோல்ட் நினைத்தார். பொருத்துவதற்கு முன் வால்வின் வாயில் தூசி இருக்கக் கூடாது என்று குனிந்து ஊதினார். வால்வு மயிரிழை திறந்திருந்தது. ஊதிய மூச்சு உள்ளே போயிற்று. அடுத்த மூச்சு வரவில்லை. அந்த நிலையிலும் கையைத் திருப்பி வால்வை இறுக மூடிவிட்டுத்தான் அவர் சுவரில் சாய்ந்தார். மருத்துவர் இதயம் என்று எழுதினார். அடக்கத்துக்குக் கோர்டி புரோக்நாவுக்குச் சொல்லி அனுப்பவில்லை. அவர் சாலையின் எதிர்ப்புறத்தில் மழையில் தொப்பியைக் கழற்றி நின்றார். குடும்பத்தார் பார்த்தார்கள், பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்கள் போனபின், மகன் டேல், அப்பா தேர்ந்தெடுத்த, அழுத்தம் காட்டும் ஒற்றை முள் ரெகுலேட்டரைப் பொருத்தி வால்வைத் திறந்தான். எவரும் திருகைத் தொடாமலே முள் பீருக்குச் சரியான பன்னிரண்டில் வந்து நின்றது. பீர் சீராக வந்தது. கிளாஸில் நுரை அடங்கும்போது, "முழங்கையை எடு," என்றது ரெய்ன்ஹோல்டின் குரல். குழாய் மேடையில் சாய்ந்திருந்த எல்லாரும் முழங்கையை எடுத்தார்கள். அன்று முதல் ஒவ்வொரு கிளாஸிலும் ரெய்ன்ஹோல்ட் ஒன்றைத் திருத்தினார்: செருப்பு, தலைமுடி, மூடாத கதவு, தேவாலயத்துக்குத் தாமதமாகப் போனது. வெர்னா பீர் குடிக்காதவர். இரவுச் சாப்பாட்டுப் பாத்திரங்களைக் கழுவியபின் கீழே போய் அரை கிளாஸ் பிடிப்பார், நுரை அடங்கும்வரை நின்று கேட்பார், பிறகு கிளாஸை மகனிடம் கொடுப்பார். உடெக் வீட்டில் பீரை வீணாக்கும் வழக்கம் இல்லை. வாயுவை எங்கே நிரப்புகிறீர்கள் என்று அக்கம்பக்கத்தார் கேட்டால், வேறு ஊரில் என்று சொன்னார்கள். செத்த பிறகும் வீட்டுக்கு உழைக்கிற மனிதரைத் தெருவுக்குக் காட்டுவது கௌரவமில்லை.

ஒன்பதாம் ஆண்டு, டேலின் மகளுக்குத் தேவாலயத்தில் திடப்படுத்தல் சடங்கு. வரும் கூட்டத்துக்கு இரண்டு பீப்பாய், இரண்டு குழாய் வேண்டும் என்று டேல் இரண்டு முள் கொண்ட பித்தளை ரெகுலேட்டர் ஒன்றை வாங்கி வந்தான்.

"ஒரு முள் வெளிய வர்றதைக் காட்டும்மா. இன்னொண்ணு உள்ள எவ்வளவு இருக்குன்னு காட்டும்."

"உள்ள எவ்வளவு இருக்குன்னு உனக்கு எதுக்கு?" என்று கேட்டார் வெர்னா.

டேல் பொருத்தினான். இரண்டாவது முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. மூச்சை அளக்கும் மானி இல்லை என்பது டேலுக்குத் தெரியாதது அல்ல. ஆனால் ஞாயிற்றுக்கிழமை வீடு நிறைய ஆட்கள் வரப்போகிறார்கள். பித்தளை முள் ஒன்று கண்ணெதிரே காலி என்று சொல்கிறது. அவன் முள்ளை நம்பினான். சிலிண்டரைக் கழற்றி வண்டியில் வைத்து வாயுக் கடைக்குக் கொண்டுபோனான். அந்தக் கடைகளில் நாம் கொடுக்கும் சிலிண்டரை உள்ளே எடுத்துக்கொண்டு, நிரப்பித் தயாராக இருக்கும் வேறொன்றைத் தருவார்கள். நம்முடையதே வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லிக் காத்திருக்க வேண்டும். விஸ்கான்சினில் குழாய் வைத்திருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். ஒன்பது ஆண்டுகளாக வாயுவே வாங்காத ஒரு வீட்டாருக்கு மட்டும்தான் தெரியாமலிருக்க முடியும். டேல் அலுமினிய சிலிண்டர் ஒன்றோடு வீடு திரும்பினான்.

அவன் திரும்பி ஓடியபோது, பழைய எஃகு சிலிண்டர்களை அழுத்தச் சோதனைக்கு வண்டியேற்றிவிட்டதாகச் சொன்னார்கள். அங்கே சிலிண்டருக்குள் ரெய்ன்ஹோல்டின் மேலேயே தண்ணீரை நிரப்பி அழுத்திப் பார்த்து, உலர்த்தி, கழுத்தில் புதுத் தேதி குத்தி, ஐந்து பவுண்டு வாயுவை ஏற்றினார்கள். அவர் வாய் திறக்கவில்லை. பிறகு எந்த வீட்டுக்குப் போனார் என்று கடைக்காரருக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து உடெக் வீட்டில் எதுவும் ஓரிடத்தில் நிற்கவில்லை. கிளாஸில் நுரை அடங்காமல் மறுநாள் காலைவரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. நாற்காலிகள் சுவரை விட்டு நகர்ந்து அறையின் நடுவில் வந்து நின்றன. கொண்டுபோய் வைத்தால் திரும்பி வந்தன. குடும்பத்தார் நின்றபடியே சாப்பிட்டார்கள். எடு என்று சொல்ல ஆளில்லாததால், முழங்கைகளை எங்கே வைப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. வெர்னா சமையலறைக்கும் நிலவறைக்கும் நடந்த நடையில் தரைவிரிப்பின் பூக்கள் அழிந்தன. அரை கிளாஸ் பிடித்து நின்று பார்ப்பார். அலுமினிய சிலிண்டர் எதுவும் சொல்லாது.

டேல் இரண்டு நாளுக்கொரு முறை சிலிண்டரைக் கடையில் மாற்றினான். வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிளாஸ் பிடித்து, காது வைத்துக் கேட்டு, மறுபடி மாற்றக் கொண்டுபோவான். கடைக்காரர் கடைசியில் கேட்டேவிட்டார்:

"முந்தாநாள்தானப்பா எடுத்துட்டுப் போன. வீட்டுல எல்லாரும் அதுலயா குளிக்கிறீங்க?"

பெரும்பாலானவற்றில் வெறும் வாயு இருந்தது. ஒன்றில் யாரோ ஒரு பெண் போல்கா நடன மெட்டை முனகினாள். அது எந்த வீட்டாருடையதோ. நாகரிகம் கருதி உடனே வால்வை மூடித் திருப்பிக் கொடுத்தார்கள்.

ஒரு வெள்ளிக்கிழமை மதுக்கடையில் பொரித்த மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டேலின் காதில் ஒரு செய்தி விழுந்தது. கோர்டி புரோக்நாவுக்கு வாயுக் கடையில் எஃகு சிலிண்டர் ஒன்றைத் தலையில் கட்டிவிட்டார்களாம், முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப்போனாராம், இப்போது அவர் வீட்டு பீர் சிரிக்கிறதாம். டேல் தட்டை அப்படியே வைத்துவிட்டு வந்து அம்மாவிடம் சொன்னான். பீர் பேசியது என்றால் வெர்னா ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார். சிரித்தது என்பதை அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். உடெக் ஒருவரைப் புரோக்நாவ் தன் நிலவறையில் கட்டிவைத்து ஊருக்கு வேடிக்கை காட்டுகிறார் என்றால், அதை முடித்தாக வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை கறுப்புக் கோட்டை அணிந்து, மாற்றாகக் கொடுக்க நிரம்பிய அலுமினிய சிலிண்டரையும் ஸ்பேனரையும் மகனிடம் தூக்கச் சொல்லி, புரோக்நாவ் வீட்டு நிலவறைக்குப் படியிறங்கினார். கோர்டியின் மனைவி லொரெய்ன் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். வெர்னா உட்காரவில்லை. தன்னுடையதை எடுத்துப்போக வந்திருப்பதாகச் சொன்னார்.

கோர்டி மறுக்கவில்லை. "நானே கழட்டித் தரேன் வெர்னா. அதுக்கு முன்னாடி ஒரு கிளாஸ் கேட்டுட்டுப் போ," என்றார். குழாயைத் திறந்து நிரப்பி, மேடைமேல் வைத்து, கிளாஸைப் பார்த்துச் சொன்னார்: "டேய் ரெய்னி. அலுமினியம்டா."

நுரை அடங்கியது. இருமல்போல ஒன்று தொடங்கி, நின்று, மறுபடி தொடங்கி, பின் தடையில்லாமல் ஓடியது. சிரிப்புதான். முப்பத்தோரு ஆண்டு மணவாழ்க்கையிலும் அதன்பின் ஒன்பது ஆண்டுகளிலும் வெர்னா கேட்டறியாத சிரிப்பு.

"இது அவர் இல்ல," என்றார்.

"அவன்தான். பனிமேல குடிசையில இப்படித்தான் சிரிப்பான். வீட்டுக்குத் திரும்புற வழியில நிறுத்திடுவான்."

"ஏன்?"

"உடெக் ஆளாச்சே."

டேல் ஸ்பேனரை சிலிண்டரின் மரையில் வைத்துவிட்டுக் காத்திருந்தான். வெர்னா இன்னொரு கிளாஸ் கேட்டார். அதையும் நுரை அடங்கும்வரை கேட்டார். பிறகு லொரெய்ன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்து, கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார்.

"ஸ்பேனரைக் கீழ வை," என்றார் மகனிடம்.

"அவன் உன் புருஷன் வெர்னா. நான் பிடிச்சு வச்சுக்கல," என்றார் கோர்டி.

"புருஷன்தான். ஒன்பது வருஷமா எங்க வீட்டுல நின்னுக்கிட்டே இருந்தாரு. இங்க உக்காந்திருக்காரு."

அலுமினிய சிலிண்டரை டேல் வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தான். உடெக் வீட்டில் நுரை இப்போது சாதாரணமாக அடங்குகிறது. நாற்காலிகள் வைத்த இடத்தில் நிற்கின்றன. வாயு தீர்ந்தால் எல்லாரையும்போலக் கடைக்குப் போகிறார்கள். பழைய பகை தீர்ந்துவிட்டதா என்று ஊரில் சிலர் கேட்கிறார்கள். உடெக் குடும்பத்தார் புரோக்நாவ் வீட்டுக்குப் போவதில்லை. அது இன்றுவரை மாறவில்லை. வெள்ளிக்கிழமைகளில் வெர்னா தன் கணவர் இருக்குமிடத்துக்குப் போகிறார். வெர்னாவுக்கு இரண்டு கிளாஸ் பிடித்து வைக்கிறார்கள். இரண்டையும் அவரே குடிக்கிறார்.