ராக்கெலின் அடைக்காத சவ்வு

ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் ராக்கெல் ஏதோ தில்லுமுல்லு செய்கிறாள் என்று எனக்கு நவம்பரிலேயே பட்டுவிட்டது.

ஸ்புரூஸ் மரச் சீவலை வெந்நீரில் வேகவைத்தால் தேநீர் நிறத்தில் ஒரு சாறு இறங்கும். அதை வடிகட்டும் சவ்வின் வழியே அழுத்தி அனுப்பினால் தண்ணீர் வெளியே போய்விடும், மரத்தின் சர்க்கரை மேலேயே தங்கும். உணவுப் பொட்டலத்துக்கு உறை செய்ய அந்தச் சர்க்கரைதான் வேண்டும். தொல்லை பிசினால். சவ்வில் அப்பிக்கொண்டு ஓட்டத்தையே நிறுத்திவிடும். போன கோடையிலிருந்து என் சவ்வு மூன்று மணி நேரத்தில் அடைத்துக்கொள்கிறது. மரம் சரியில்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் அதே மரம், அதே இயந்திரம், ராக்கெலின் சவ்வு மட்டும் நாள் முழுக்க ஓடுகிறது.

நான் பதினெட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். அவள் வந்து எட்டு மாதம். எப்படி நம்புவது?

மார்ச்சில் காகித ஆலைக்காரர்கள் வந்து எங்கள் இருவரில் ஒருவருடைய முறையைத்தான் எடுத்துக்கொள்வார்கள். மற்றவருக்கு ஒப்பந்தம் நீளாது. எனக்கு ஐம்பத்தேழு வயது. இந்த ஏரிக்கரையில் வேறு யார் வேலை கொடுப்பார்கள்?

கேட்டும் பார்த்தேன். "நல்லா ஓடுதே ராக்கெல், என்ன வித்தை?"

"ஓடுற நாள்ல ஓடும். ஓடாத நாள்ல ஓடாது," என்றபடி ஏலக்காய் பன்னைப் பிய்த்தாள். சவோ வட்டாரத்துக்காரி. அந்தப் பக்கத்து ஆட்களிடம் மணி கேட்டாலும் நேராகப் பதில் வராது.

அப்புறம் வேவு பார்க்க ஆரம்பித்தேன். சாற்றில் தண்ணீர் கலக்கிறாளா? அளந்தேன், சரியாக இருந்தது. அழுத்தமானியைத் திருகியிருக்கிறாளா? அதுவும் இல்லை. ஒன்றும் அகப்படாததால் அவள் ஏமாற்றுவதில் கைதேர்ந்தவள் என்று முடிவு கட்டினேன். நேற்று மாலை எங்கள் தலைவர் தர்மோவுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன்: ராக்கெலின் எண்கள் பொய், விசாரிக்க வேண்டும். இன்று காலை எங்கள் இருவருக்கும் ஒரே வரி வந்தது. பத்து மணிக்கு அவர் அறைக்கு வர வேண்டும்.

ஒன்பதரைக்கு ராக்கெல் புதுச் சவ்வு வெட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். மறைக்கக்கூட இல்லை. சுருளிலிருந்து வெட்டி, உட்பக்கம் மேலே வரும்படி வைத்தாள்.

"தலைகீழா வைக்கிறியே!" என்றேன். பிடித்துவிட்டேன்! "சுருளோட வெளிப்பக்கம்தான் மேல வரணும்."

"அது பழைய கம்பெனிச் சுருளுக்கு. போன கோடையிலேயே கம்பெனி மாறிடுச்சே. இதுல வடிகட்டுற பக்கம் உள்ள இருக்கு. பெட்டியில குறிப்பு வச்சிருக்கான் பாரு."

பார்த்தேன். முதல் வரியிலேயே இருந்தது.

"நான் எப்படி வைக்கிறேன்னு நீ பார்த்ததே இல்லையா?" என்று கேட்டேன்.

"எட்டு மாசமாப் பார்க்கிறேன்."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"பதினெட்டு வருஷ அனுபவசாலி. ஏதோ காரணமாத்தான் இருக்கும்னு நினைச்சேன். அடுத்தவங்க வேலையில மூக்கை நுழைச்சா நல்லாவா இருக்கும்?"

குறிப்பை மடித்துப் பெட்டியிலேயே வைத்தேன். அவளைக் குறை சொல்லவும் வழியில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் வாயைத் திறந்திருக்க மாட்டேன், இங்கே எல்லாரும் அப்படித்தான். மின்னஞ்சல் அனுப்ப மட்டும் எனக்குத் துணிச்சல் வந்தது.

ராக்கெல் கையுறையைக் கழற்றினாள். "யால்மரி, தர்மோ எதுக்குக் கூப்பிடுறார்னு தெரியுமா? ஒருவேளை எனக்கு ஒப்பந்தத்தை நீட்டப்போறாரோ?" வந்த நாளிலிருந்து அவள் மனசில் இருப்பதை இப்படி வெளிப்படையாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

"தெரியும்," என்றேன். "நீ பொய்க்கணக்கு காட்டுறேன்னு நான்தான் எழுதிப் போட்டேன்."